‘சி.ஜி. மொக்கை’ என்று சொல்வதற்கு முன்: சினிமாவில் வி.எஃப்.எக்ஸ் எப்படி உருவாகிறது?

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது இந்த வசனம் நம் காதில் விழாமல் இருக்காது: “படம் ஓகேதான்... ஆனா சி.ஜி. மொக்கப்பா!”

ஒரே வரியில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் குற்றவாளி யார்? கம்ப்யூட்டரா, இயக்குநரா, தயாரிப்பாளரா, எங்கோ ஓர் அலுவலகத்தில் விடிய விடிய மவுஸைப் பிடித்திருந்த 24 வயது இளைஞரா?

இதற்குப் பதில் தேட ஒரு புலியைப் பின்தொடர்வோம். ஆங் லீ இயக்கத்தில் 2012-ல் வெளியான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் வரும் ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப் புலி அது. கதை தொடங்குவது புதுச்சேரியில். அங்கே படப்பிடிப்பும் நடந்தது. நடுக்கடலில் ஒரு படகில் சிறுவன் ஒருவனும் புலியும் சிக்கிக்கொள்வதுதான் கதை. படத்தில் பெரும்பாலான ஷாட்களில் நாம் பார்ப்பது கம்ப்யூட்டரில் உருவான புலி. சில ஷாட்களில் மட்டுமே நிஜப் புலி. எது எது என்று தியேட்டரில் பிரித்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அந்தப் புலிக்காக ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் விருது கிடைப்பதற்குச் சில நாட்கள் முன்பே புலியை உருவாக்கிய நிறுவனம் திவால் மனு போட்டுவிட்டது. அது ஏன் என்று புரிந்தால், சி.ஜி. ஏன் சில படங்களில் சொதப்புகிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

வி.எஃப்.எக்ஸ், சி.ஜி., எஸ்.எஃப்.எக்ஸ்: மூன்றும் ஒன்றா?

இல்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘சி.ஜி.’ என்றே சொல்கிறோம். துறைக்குள் வேறுபாடு உண்டு.

எஸ்.எஃப்.எக்ஸ் என்பது படப்பிடிப்புத் தளத்தில், கேமரா முன்னால் நிஜமாகவே நடப்பது. செயற்கை மழை, வெடிக்கும் கார், மோட்டாரில் தலையாட்டும் ரப்பர் டைனோசர் எல்லாம் இதில் சேரும்.

சி.ஜி. என்பது கம்ப்யூட்டரில் உருவாக்கப்படும் படம். ஒரு புலியோ, விண்கலமோ, அரண்மனையோ எதுவாகவும் இருக்கலாம்.

வி.எஃப்.எக்ஸ் இவற்றைவிடப் பெரிய குடை. கேமராவில் பதிவான காட்சியோடு வேறொன்றைச் சேர்ப்பது, அதிலிருந்து ஒன்றை நீக்குவது, அதை மாற்றுவது எல்லாமே வி.எஃப்.எக்ஸ். அதில் சி.ஜி. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சண்டைக் காட்சியில் ஹீரோவைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியை அழிப்பதும் வி.எஃப்.எக்ஸ்தான்.

1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ நல்ல உதாரணம். அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் தோன்றும் நேரமே சுமார் 15 நிமிடம்தான். அதிலும் கம்ப்யூட்டர் டைனோசர்கள் வருவது சுமார் 6 நிமிடம். மீதி ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் செய்த இயந்திர டைனோசர்கள். இரண்டும் எங்கே மாறுகின்றன என்று நம் கண்ணுக்குப் பிடிபடாததுதான் அந்தப் படத்தின் வெற்றி.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்?

கண்ணை ஏமாற்றும் வேலை சினிமா பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ 1940-ல் வந்தது. அந்தக் கால இரட்டை வேடக் காட்சிகளுக்கு ஓர் எளிய உத்தி இருந்தது. லென்ஸின் பாதியை மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, வேறு உடையில் அதே நடிகரை மறுபக்கம் நிறுத்தி மீண்டும் எடுப்பார்கள். இதற்குள் கேமரா ஒரு நூலளவுகூட அசையக் கூடாது.

1957-ல் வந்த ‘மாயாபஜார்’ படத்தில் கல்யாண விருந்தை கடோத்கஜன் தனியாளாகத் தின்று தீர்க்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கம்ப்யூட்டர் இல்லாமல் செய்த தந்திரக் காட்சி அது.

கருவிகள் மாறிவிட்டன. அடிப்படை விதி மாறவில்லை: தனித்தனியாக எடுத்த இரண்டு படங்கள், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்தது போலத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’-க்குத்தான் இத்தனை பேர், இத்தனை மாதம்.

வேலை எப்போது தொடங்குகிறது?

“எடுத்துட்டு வந்துடுங்க, மத்ததை கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்” என்பது துறையில் அடிக்கடி கேட்கும் வசனம். பல சொதப்பல்களின் தொடக்கமும் அதுவே. நல்ல வி.எஃப்.எக்ஸ், படப்பிடிப்புக்கு முன்பே தொடங்குகிறது.

முதல் கட்டத்தை ‘ப்ரீ-விஸ்’ என்கிறார்கள். காட்சி முழுவதையும் எளிய அனிமேஷனாக, பொம்மைப் படம் போல முதலில் செய்து பார்ப்பார்கள். கேமரா எங்கே நிற்கிறது, புலி எந்தப் பக்கம் பாய்கிறது, எத்தனை நொடி என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். இங்கே ஒரு முடிவை மாற்றினால் சில மணி நேர வேலை வீண். படம் முடியும் தறுவாயில் அதே முடிவை மாற்றினால் பல வாரம் வீண்.

செட்டில் என்ன நடக்கிறது?

‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் கடல், கடலில் எடுக்கப்படவில்லை. தைவானின் தைச்சுங் நகரில் கைவிடப்பட்ட விமான நிலையம் ஒன்றில் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி கட்டி, இயந்திரம் வைத்து அலை எழுப்பினார்கள். சுற்றிலும் நீலத் திரை. பை வேடத்தில் நடித்த சூரஜ் சர்மா, படகில் பெரும்பாலும் இல்லாத புலியைப் பார்த்துத்தான் பயந்தார், கத்தினார், அழுதார்.

திரைக்கு ஏன் நீலமும் பச்சையும்? மனிதத் தோலில் குறைவாக இருக்கும் நிறங்கள் அவை. ‘இந்த நிறம் உள்ள இடத்தையெல்லாம் எடுத்துவிடு’ என்று மென்பொருளுக்குச் சொன்னால், நடிகரை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் அது நீக்கும். டிஜிட்டல் கேமராக்கள் பச்சையை அதிக நுணுக்கமாகப் பதிவு செய்வதால் இப்போது பச்சைக்கு மவுசு அதிகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பச்சைத் திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நடிகரின் கன்னத்திலும் தலைமுடி ஓரத்திலும் விழும். பாலைவனத்தில் நிற்க வேண்டியவரின் காதோரத்தில் பச்சை தெரிந்தால், ஏன் என்று தெரியாமலே நம் கண் உறுத்தும். அதனால் 2021-ல் வந்த ‘டூன்’ படக்குழு பல காட்சிகளில் பச்சையையும் நீலத்தையும் விட்டுவிட்டு, மணல் நிறத் திரைகளைப் பயன்படுத்தியது. நடிகர்கள் மேல் விழுந்ததும் மணலின் வெளிச்சமே. பின்னணியைப் பிரித்தெடுப்பது கடினமானது, ஆனால் காட்சி உண்மையாக இருந்தது.

ஷாட் முடிந்து நடிகர்கள் விலகியதும் செட்டில் ஒருவர் சாம்பல் நிறப் பந்து ஒன்றையும் கண்ணாடி போலப் பளபளக்கும் பந்து ஒன்றையும் தூக்கிக்கொண்டு கேமரா முன் வந்து நிற்பார். மேக்கிங் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சாம்பல் பந்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விழுகிறது என்று காட்டும். பளபளக்கும் பந்தில் சுற்றுப்புறம் முழுவதும் பிரதிபலிக்கும். பிறகு கம்ப்யூட்டரில் புலியை வைக்கும்போது அதே வெளிச்சத்தை அதன் மீது போட இந்தத் தகவல் வேண்டும்.

கூடவே ‘கிளீன் பிளேட்’ எடுப்பார்கள். அதாவது, அதே கேமரா நகர்வில் யாருமே இல்லாத வெற்று இடம். யாரையாவது அழிக்க வேண்டி வந்தால் அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். “லைட் போகுது, அடுத்த ஷாட்டுக்குப் போலாம்” என்று அதைத் தவிர்த்தால், பிறகு ஒருவர் பல நாள் உட்கார்ந்து அந்த வெற்று இடத்தைக் கையால் வரைய வேண்டியிருக்கும்.

ஒரு புலி எப்படிப் பிறக்கிறது?

படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒரே ஷாட் பல கைகள் மாறுகிறது. வரிசை ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான்:

மேட்ச்மூவ்: செட்டில் நிஜக் கேமரா எப்படி நகர்ந்ததோ அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள் ஒரு கேமராவை நகர்த்துவது. இதில் கொஞ்சம் பிசகினாலும் புலியின் கால் தரையில் ஒட்டாமல் வழுக்கும்.

ரோட்டோ: நடிகரின் உருவத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓரம் பிசகாமல் கோடு போட்டு வெட்டி எடுப்பது. புலிக்கு முன்னால் பையின் கை வந்தால், அந்தக் கையைப் பிரித்து எடுத்தால்தான் புலியை அதற்குப் பின்னால் வைக்க முடியும்.

மாடலிங், ரிக்கிங்: மாடலிங்கில் புலியின் உருவத்தைச் சிற்பம் போலச் செதுக்குகிறார்கள். ரிக்கிங்கில் அதற்குள் எலும்பு, மூட்டு, தசை வைக்கிறார்கள். நிஜப் புலி நடக்கும்போது தசைக்கு மேல் தோல் தளர்வாக வழுக்கும். அதையும் செய்ய வேண்டும்.

அனிமேஷன்: நடிப்பு. புலி எப்போது காதை மடக்குகிறது, எந்தக் காலில் எடை போடுகிறது என்பதை ஓர் அனிமேட்டர் முடிவு செய்கிறார். நிஜப் புலிகளை வரவழைத்துப் பல மணி நேரம் படம் பிடித்து, அந்த அசைவுகளை அருகில் வைத்துக்கொண்டுதான் ரிச்சர்ட் பார்க்கரை நடிக்க வைத்தார்கள்.

முடியும் நீரும்: கடல் நீரில் நனைந்த ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்ட வேண்டும். வெயிலில் காய்ந்தால் பிரிய வேண்டும். இந்த அசைவுகளை இயற்பியல் விதிகளைக் கொண்டு மென்பொருள் கணக்கிடுகிறது. நெருப்பு, புகை, அலை, இடியும் கட்டடம் எல்லாம் இப்படித்தான்.

லைட்டிங், ரெண்டரிங், கம்பாசிட்டிங்: செட்டில் பதிவான வெளிச்சத்தைப் புலி மீது போட்டு, படமாக மாற்றி, கடைசியில் நிஜக் காட்சியோடு ஒட்டவைப்பது. நிழல், புகைமூட்டம், லென்ஸின் மங்கல், கேமராவின் குருணை வரை எல்லாம் பொருந்த வேண்டும். ‘ஒட்டலை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். ஆனால் தவறு முந்தைய எந்தக் கட்டத்திலும் நடந்திருக்கலாம்.

ரெண்டரிங் என்றால் என்ன? ஏன் இவ்வளவு நேரம்?

வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட்டு இறுதிப் படத்தை உருவாக்குவதுதான் ரெண்டரிங்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். 5 நொடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால், மொத்தம் 1,200 மணி நேரம். ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் இரவு பகலாக 50 நாள் ஓட வேண்டும். அதனால்தான் ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை இணைத்து ‘ரெண்டர் ஃபார்ம்’ வைத்திருக்கின்றன.

2014-ல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தின் கருந்துளைக் காட்சிகளில் சில ஃபிரேம்களுக்கு 100 மணி நேரம் வரை ஆனது. இயற்பியலாளர் கிப் தோர்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்து ஒளியின் பாதையைக் கணக்கிட்டதுதான் காரணம்.

50 நாள் கணக்கு முடிந்து பார்க்கும்போது, “வெளிச்சத்தை இந்தப் பக்கம் திருப்பலாமே” என்று இயக்குநர் சொன்னால்? மறுபடியும் முதலிலிருந்து.

நமக்குத் தெரியாத வி.எஃப்.எக்ஸ் எவ்வளவு?

நிறைய. மோசமான வி.எஃப்.எக்ஸ் மட்டும்தான் நம் கண்ணில் படும். நல்லது தெரிவதே இல்லை.

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) நிஜ வண்டிகளை, நிஜ சண்டைக் கலைஞர்களை வைத்து நமீபியப் பாலைவனத்தில் எடுக்கப்பட்ட படம் என்று கொண்டாடப்பட்டது. அது உண்மைதான். அதே படத்தில் சுமார் 2,000 வி.எஃப்.எக்ஸ் ஷாட்கள் இருப்பதும் உண்மை. வானத்தை மாற்றியது, கம்பிகளை நீக்கியது, தனித்தனியாக எடுத்த வண்டிகளை ஒரே ஃபிரேமில் சேர்த்தது என்று எல்லாமே இதில் வரும்.

நம்மூரில் ‘சிவாஜி’ (2007) படத்தில் ரஜினி வெள்ளைத் தோலுடன் வரும் பாடல் நினைவிருக்கிறதா? அது மேக்கப் இல்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருவரை அதே வெளிச்சத்தில், அதே அசைவுகளில் தனியாகப் படம் பிடித்து, அவருடைய தோல் நிறத்தை ஃபிரேம் ஃபிரேமாக ரஜினி மீது ஏற்றினார்கள். படத்தின் வி.எஃப்.எக்ஸுக்கு தேசிய விருது கிடைத்தது.

இதனால்தான் “இந்தப் படத்துல சி.ஜி.யே இல்ல, எல்லாமே நிஜம்” என்ற விளம்பரங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அந்த வாக்கியம் படத்துக்குப் பெருமை சேர்க்கிறது. கம்பியை அழித்தவர், வானத்தை ஒட்டியவர் வேலையை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பிறகு ஏன் சில படங்களில் சொதப்புகிறது?

பணம் குறைவு என்பதுதான் வழக்கமான பதில். அது பாதிதான் சரி.

‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ என்ற ஜப்பானியப் படம் 2024-ல் வி.எஃப்.எக்ஸுக்கான ஆஸ்கர் வென்றது. சுமார் 35 பேர் கொண்ட குழு, 610 ஷாட்கள். படத்தின் மொத்த பட்ஜெட்டே 1.5 கோடி டாலருக்குள்தான். ஹாலிவுட்டில் பெரிய படங்களின் வி.எஃப்.எக்ஸ் செலவு மட்டுமே இதைவிடப் பல மடங்கு.

எப்படி முடிந்தது? இயக்குநர் தகாஷி யமசாகிதான் படத்தின் வி.எஃப்.எக்ஸ் மேற்பார்வையாளரும். முடிவெடுப்பவரும் செய்பவர்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். என்ன வேண்டும் என்பது எடுக்கும்போதே அவருக்குத் தெரியும். அதனால் எடுத்ததைத் தூக்கிப் போடும் வேலை குறைவு.

இதற்கு நேரெதிரான நிலைமையில்தான் பெரும்பாலான படங்கள் மாட்டுகின்றன. ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிடுகிறார்கள். படப்பிடிப்பு நீளும், தேதி நகராது. நடுவில் நசுங்குவது வி.எஃப்.எக்ஸுக்கான மாதங்கள். ஒரே படத்தின் ஷாட்கள் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். ஒவ்வொருவர் கைவண்ணமும் வேறு வேறாக இருக்கும்.

2022 அக்டோபரில் ‘ஆதிபுருஷ்’ டீசர் வந்தபோது வி.எஃப்.எக்ஸ் கடுமையாகக் கேலி செய்யப்பட்டது. 2023 பொங்கலையொட்டி வர வேண்டிய படம் ஜூனுக்குத் தள்ளிப்போனது. ஆனாலும் விமர்சனம் ஓயவில்லை. கூடுதலாகக் கிடைக்கும் மாதங்கள் வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். உருவத்தின் வடிவமைப்பும் காட்சி எடுக்கப்பட்ட விதமும் முதலிலேயே முடிவானவை. அவற்றைக் கடைசியில் மாற்றுவது கிட்டத்தட்ட புதிய படம் எடுப்பது மாதிரி.

எஸ்.எஸ். ராஜமௌலியின் ‘நான் ஈ’ (2012) இதற்கு மறுபக்கம். ஹீரோவே ஓர் ஈ. பேச்சு இல்லை. முகத்தில் மனித பாவனை காட்டவும் வழியில்லை. சுதீப் பெரும்பாலும் காற்றைப் பார்த்துத்தான் நடித்தார். ஆனால் ஈ எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் பறக்கிறது, என்ன நினைக்கிறது என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெளிவாக இருந்தது. அதனால் அவருடைய பார்வை ஈயைத் தவறவிடவில்லை. நாமும் ஈயை நம்பினோம்.

ஆஸ்கர் வென்ற நிறுவனம் ஏன் திவாலானது?

இப்போது புலிக்கு வருவோம். ரிச்சர்ட் பார்க்கரை உருவாக்கியது ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனம். 1987-ல் தொடங்கப்பட்டது. ‘பேப்’, ‘தி கோல்டன் காம்பஸ்’ படங்களுக்காக ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியது. மும்பை, ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன.

2013 பிப்ரவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. சில நாட்களில், பிப்ரவரி 24 அன்று ஆஸ்கர் விழா. அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான வி.எஃப்.எக்ஸ் கலைஞர்கள் பதாகைகளோடு நின்றார்கள். உள்ளே விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர், நிறுவனத்தின் நிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ‘ஜாஸ்’ படத்தின் இசையை ஒலிக்கவிட்டு மைக்கை அணைத்தார்கள். அதைத் தொடர்ந்து உலகெங்கும் வி.எஃப்.எக்ஸ் கலைஞர்கள் தங்கள் சமூக வலைத்தளப் படத்தை வெறும் பச்சைச் சதுரமாக மாற்றினார்கள். ‘நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் படத்தில் இதுதான் தெரியும்’ என்று பொருள்.

அந்தப் படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்படியிருந்தும் ஏன்?

காரணம், ஒப்பந்தத்தின் வடிவம். வி.எஃப்.எக்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் ‘இத்தனை ஷாட், இவ்வளவு தொகை’ என்று முன்கூட்டியே நிலையான தொகைக்கு ஒப்புக்கொள்கின்றன. வீடு கட்டும் மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிட்டு, பாதியில் “இந்தச் சுவரை அங்கே நகர்த்து” என்று பத்து தடவை சொல்வதைக் கற்பனை செய்யுங்கள். கூடுதல் தொகையைக் கேட்டால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போகும். கேட்காவிட்டால் நஷ்டம். படம் ஓடினால் லாபத்தில் பங்கும் இல்லை.

இதோடு, வரிச்சலுகை தரும் நாடுகளுக்கு வேலை ஓடும். கலைஞர்களும் அதன் பின்னால் நாடு நாடாகப் போக வேண்டும். வேலை அங்கே போகாவிட்டால் ஊதியம் குறைந்த ஊர்களுக்கு வரும். அப்படித்தான் இந்தியா இந்தப் படத்துக்குள் வருகிறது.

இதில் இந்தியாவின் இடம் என்ன?

ஹாலிவுட் படங்களின் வி.எஃப்.எக்ஸில் கணிசமான பகுதி மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை அலுவலகங்களில் நடக்கிறது. ஆரம்பத்தில் வந்தது ரோட்டோ, கம்பி அழித்தல், மேட்ச்மூவ் போன்ற வேலைகள். பொறுமை அதிகம் வேண்டும், பெயர் அதிகம் கிடைக்காது. பிறகு அனிமேஷன், லைட்டிங், கம்பாசிட்டிங் என்று பெரிய வேலைகளும் வந்தன.

2014-ல் மும்பையின் பிரைம் ஃபோகஸ், லண்டனின் டபுள் நெகடிவ் நிறுவனத்தோடு இணைந்தது. இன்று டி.நெக் என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஸ்டூடியோ உண்டு. ‘டூன்’ படங்கள் இரண்டுக்கும் ஆஸ்கர் வென்றது அதுதான். 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தின் ஏலியனைச் சென்னையைச் சேர்ந்த ஃபாண்டம் எஃப்.எக்ஸ் உருவாக்கியது.

ஆனால் 2013-ன் கதை முடிந்துவிடவில்லை. ‘ஜங்கிள் புக்’ (2016) நினைவிருக்கும். இந்தியக் காட்டில் நடக்கும் கதை. சிறுவன் நடித்தது லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோவில். காடும் மிருகங்களும் கம்ப்யூட்டரில். ஆஸ்கர் வென்ற அந்த வேலையைச் செய்த எம்.பி.சி. நிறுவனத்தின் பெங்களூரு கலைஞர்களும் அதில் உழைத்தார்கள். 2025 பிப்ரவரியில் எம்.பி.சி.யின் தாய் நிறுவனமான டெக்னிகலர் நிதி நெருக்கடியில் சரிந்தது. பிரிட்டன், அமெரிக்கா, கனடாவோடு இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை திடீரென ஆட்டம் கண்டது.

மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டூடியோஸின் நேரடி வி.எஃப்.எக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். இந்தியாவில் ஒப்பந்த முறையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ரோட்டோ கலைஞருக்கு அது இன்னும் தூரத்துச் செய்திதான்.

ஏ.ஐ. வந்தால் இதெல்லாம் மாறுமா?

மாறத் தொடங்கிவிட்டது. ‘தி கோட்’ (2024) படத்தில் விஜய்யின் இளம் தோற்றத்துக்கு அமெரிக்காவின் லோலா வி.எஃப்.எக்ஸ் நிறுவனம் வேலை செய்தது. மறைந்த விஜயகாந்தின் உருவம் ஏ.ஐ. உதவியோடு, குடும்பத்தின் சம்மதத்துடன் திரையில் வந்தது. நடிகரின் டிஜிட்டல் உருவத்தை யார், எந்த அனுமதியோடு பயன்படுத்தலாம் என்பது 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

கலைஞர்கள் பக்கம் கேள்வி வேறு. ஏ.ஐ. கருவிகள் முதலில் கைவைப்பது ரோட்டோ, கம்பி அழித்தல் போன்ற வேலைகளில். நடிகரின் ஓரத்தைத் தானாகவே கண்டுபிடிக்கும் மென்பொருள் ஏற்கெனவே வந்துவிட்டது. தலைமுடி, புகை, வேகமான அசைவு என்று வந்தால் மனிதக் கை இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் புதிதாகத் துறைக்குள் வருபவர்கள் கற்றுக்கொள்வதே ரோட்டோவில் உட்கார்ந்துதான். அந்த முதல் படி காணாமல் போனால் அடுத்த படிக்கு எப்படி ஏறுவது என்ற கேள்விக்குத் துறையில் யாரும் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை.

இன்னொரு மாற்றம் ‘எல்.இ.டி. சுவர்’. 2019-ல் ‘தி மாண்டலோரியன்’ தொடர் இதைப் பிரபலமாக்கியது. பச்சைத் திரைக்குப் பதில் பிரம்மாண்டமான எல்.இ.டி. திரையில் பின்னணியை ஓடவிட்டு, அதன் முன்னால் நடிகரை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். திரையின் வெளிச்சமே நடிகரின் கவசத்தில் பிரதிபலிக்கும். பிறகு ஒட்டவைக்கும் வேலை குறையும். ஒரே நிபந்தனை: பின்னணி எப்படி இருக்க வேண்டும் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கவனித்தீர்களா? தொழில்நுட்பம் எதுவானாலும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். எப்போது முடிவெடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

அடுத்த தடவை ஒரு காட்சி கண்ணை உறுத்தினால், புலியின் கால் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நிழல் சரியாக விழுகிறதா, நடிகரின் முகத்து வெளிச்சமும் பின்னணி வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து வருகிறதா என்று பாருங்கள். தவறு தெரிந்தால் தாராளமாகச் சொல்லலாம், டிக்கெட் வாங்கியிருக்கிறோம். ‘சி.ஜி. மொக்கை’ என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதைச் செய்ய அவங்களுக்கு எத்தனை நாள் கொடுத்தாங்க?